ஸ்டார்ட்டர் பச்சமுத்து

சிங்கவரம் பச்சமுத்துவுக்கு வயது முப்பத்தாறு. தொழில், மாணவர்.

சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வரலாம். பெண் பார்க்கப் போன வீடுகளிலும் அப்படித்தான் சிரித்தார்கள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்டால் அவன் அம்மா ஜெயக்கொடி கொஞ்சமும் கூசாமல், "படிக்கிறாருங்க" என்பாள். பெண்ணின் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளையின் காதோர நரையைப் பார்ப்பார். அதற்குப் பிறகு பேச்சு நெல் விலை, மழை என்று போய்விடும்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவனுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. ஊரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற நிலம் கொஞ்சம் உண்டு. சோறு இந்த இரண்டிலிருந்துதான் வந்தது. ஆனால் யாராவது கேட்டால் இரண்டையும் வாயால் சொல்லமாட்டான். சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டுவான். 'அகில இந்திய மாணவர் எழுச்சி மன்றம், மாநிலச் செயற்குழு உறுப்பினர்.'

அகில இந்திய என்பதை மன்றம் சும்மா போட்டுக்கொள்ளவில்லை. பாண்டிச்சேரியில் கிளை இருந்தது, சித்தூரில் இருந்தது, கோலாரில்கூட இருந்தது. அதற்கு வடக்கேதான் கொஞ்சம் இளைப்பு. அந்தக் குறையைத் தீர்க்க, திண்டிவனம் பக்கம் இன்ஜினியரிங் படிக்க வந்த பிஜய் என்ற ஒடிசாப் பையனைப் பிடித்து வடக்கு மண்டலம் ஆக்கிவிட்டார்கள். மண்டலம் முழுக்க அவன் ஒருவன்தான். மாநாட்டில் அவன் டீ குடிக்கப் போய்விட்டால், "வடக்கு எங்கப்பா காணோம்?" என்று தேடுவார்கள்.

தேசியத் தலைவர் ராமகிருஷ்ணனுக்கு நாற்பத்தேழு வயது. மூத்த மகன் விமல்ராஜ் கல்லூரியில் சேர்ந்த வருஷமே மன்றத்திலும் சேர்ந்தான். அப்பனும் பிள்ளையும் ஒரே மாணவர் மன்றத்தில் இருக்கிற அதிசயம் இந்த நாட்டில் வேறெங்காவது உண்டா என்று தலைவர் மேடையில் பெருமையாகக் கேட்டார். நியாயமான கேள்வி.

இத்தனை வயதில் எப்படி மாணவராக இருப்பது? அதற்கு மன்றத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அஞ்சல் வழியில் ஏதாவது ஒரு எம்.ஏ. சேர வேண்டியது. எல்லாத் தாளையும் எழுத வேண்டியது. ஒன்றை மட்டும் எழுதாமல் விட வேண்டியது. அந்த அரியர் இருக்கிறவரை ஆள் மாணவர். தெரியாத்தனமாக முழுதும் பாஸாகிவிட்டால்தான் தொல்லை, வேறு எம்.ஏ. தேட வேண்டும். பச்சமுத்து ஒருமுறை பொது நிர்வாகத்தில் அப்படித் தவறிப் பாஸாகிவிட்டான். தலைவர் வீடு தேடி வந்து திட்டிவிட்டுப் போனார். இப்போது சமூகவியலில் ஒரு தாளைக் கண்ணும் கருத்துமாக எழுதாமல் வைத்திருக்கிறான்.

இவ்வளவு பாடுபட்டு அவன் மன்றத்தில் செய்த வேலை என்னவென்றால், கைதட்டுவது.

மன்றத்தில் ஓட்டு கிடையாது. எல்லாமே கரவொலிதான். மேடையில் ஒரு பெயரைப் படிப்பார்கள், கூட்டம் கைதட்டும், ஏகமனதாகத் தேர்வு என்று அறிவிப்பார்கள். முதல் மாநாட்டில் ஓட்டு எண்ணுகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டதாம். அவசரத்துக்குக் கைதட்டி முடித்திருக்கிறார்கள். கரண்ட் திரும்பி வந்தது, ஓட்டு வரவில்லை. தலைவருக்கு அந்த முறை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

ஆனால் கூட்டம் தானாகத் தட்டாது. படிக்கிற பெயர் தெரிந்தவன் யோசிப்பான், தெரியாதவன் பக்கத்து ஆளைப் பார்ப்பான். கோலாருக்கும் சித்தூருக்கும் மேடைத் தமிழ் பாதி புரியாது, வடக்கு மண்டலத்துக்குச் சுத்தமாகப் புரியாது. யாராவது ஒருவன் தொடங்க வேண்டும். டியூப்லைட்டுக்கு ஸ்டார்ட்டர் மாதிரி. அந்த ஸ்டார்ட்டர்தான் பச்சமுத்து.

அவன் கை அப்படி. மல்லாட்டை விதைத்த காலத்தில் நிலத்துக்கு மயில் இறங்கும், விதையை ஒன்றுவிடாமல் கிளறித் தின்றுவிடும். சின்ன வயதிலிருந்து கைதட்டி மயில் ஓட்டி வளர்ந்தவன் அவன். சிங்கவரத்தில் நின்று அவன் ஒரு தட்டு தட்டினால் மலை திரும்பத் தட்டும். அந்தக் கையை ஒரு மாணவர் கூட்டத்தில் பார்த்துவிட்டு, "யாருய்யா அது?" என்று ராமகிருஷ்ணன் கேட்டார். அன்றைக்குப் பிடித்ததுதான். அவன் தட்டித் தலைவர் ஆனவர்கள், செயலாளர் ஆனவர்கள், பொருளாளர் ஆனவர்கள் என்று ஒரு பெரும்படை உண்டு. அவன் மட்டும் உறுப்பினராகவே இருந்தான்.

ஆகாமல் இருந்ததற்கும் அந்தக் கைதான் காரணம்.

எட்டு வருஷத்துக்கு முன் விழுப்புரம் மாநாட்டில் அவன் பெயரை மாவட்டச் செயலாளர் பதவிக்குப் படித்தார்கள். பச்சமுத்து அம்மாவையும் அழைத்துப் போயிருந்தான். மேல்மலையனூர் தேருக்கென்று பெட்டியில் வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு ஜெயக்கொடி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "மாவட்டச் செயலாளர், பச்சமுத்து" என்று மைக் சொன்னது. மொத்த மண்டபமும் பச்சமுத்துவைத் திரும்பிப் பார்த்தது. அவன் தட்டினால் தட்டலாம் என்று அத்தனை பேரும் கையை மடியில் தயாராக வைத்திருந்தார்கள். தன் பெயருக்குத் தானே எப்படித் தட்டுவது? அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒருவரும் தட்டவில்லை. யாருக்கும் அவன்மேல் பகை இல்லை. தொடங்க ஆளில்லை, அவ்வளவுதான்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது. ஜெயக்கொடி எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உக்காரும்மா. பார்வையாளர் கைதட்டல் கணக்குல சேராது" என்று தலைவர் மைக்கிலேயே சொன்னார். மண்டபம் சிரித்தது. அவள் கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "ஆதரவு இல்லை. அடுத்த பெயர்" என்றார் தலைவர். அடுத்த பெயருக்குப் பச்சமுத்துதான் தட்டத் தொடங்கினான். தட்டித் தொலைத்தான், வேறென்ன செய்வது.

 சிங்கவரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் ஜெயக்கொடி கேட்டாள்.

"நான் தட்டாம இருந்திருக்கணும், இல்ல நைனா?"

 அந்தக் கேள்விக்கு அவன் அன்றைக்கும் பதில் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

இந்த வருஷம் தேசிய மாநாடு செஞ்சியில் என்று முடிவானது. மாநாட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால், மன்றத்தின் செஞ்சிக் கிளைச் செயலாளர் அஸ்பியா ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. உண்மையான மாணவி, மன்றத்தில் அப்படியும் சிலர் இருந்தார்கள். கையில் ஒரு தாள்.

"இத மாநாட்டுக்கு வர எல்லாருக்கும் ஒண்ணு வர மாதிரி போட்டுக் குடுங்கண்ணா."

பச்சமுத்து மெஷினில் வைத்துவிட்டு முதல் பிரதியை எடுத்துப் படித்தான். மன்ற விதிகளில் திருத்தம். இனி கரவொலி கிடையாது, ரகசிய ஓட்டு. யாரும் ஒரு பதவியில் இரண்டு முறைக்கு மேல் இருக்கக்கூடாது. உறுப்பினர் வயது இருபத்தெட்டைத் தாண்டக்கூடாது. தீர்மானம் நிறைவேறிய நிமிடத்திலிருந்து எல்லாம் அமல்.

"இருபத்தெட்டா? அப்ப நான் எங்க போறது?"

"அந்த ஒரு பேப்பர எழுதிப் பாஸ் பண்ணிட்டு வீட்டுக்குப் போங்கண்ணா" என்றாள் அஸ்பியா. குசும்பு இல்லை, நிஜமாகவே யோசனை சொன்னாள்.

"இதப் படிக்க உன்ன உடுவாங்களா?"

"தலைவரே படின்னு சொல்லிட்டாரு. மன்றத்துல ஜனநாயகம் இல்லன்னு கோலாருல ஒரே பேச்சாம். ஒரு பொண்ணு வந்து எதிர்த்துப் படிச்சா வீடியோவுக்கு நல்லா இருக்கும்னாரு." அவள் பிரதிகளைத் தட்டி அடுக்கினாள். "ஆனா இதுவும் கைதட்டித்தான் நிறைவேறணும். யாருக்கும் இஷ்டம் இல்லாம இல்ல. கேட்டுப் பாத்துட்டேன், பாதிப் பேருக்கு மேல சரிதான்னு சொல்றாங்க. ஆரம்பிக்கத்தான் ஆள் இல்ல. நீங்க ஒரு தட்டு தட்டுனா போதும்ணா."

"என் கழுத்துக்கு நானே கத்தியத் தீட்டணுமா? நல்லா இருக்குது பாப்பா உன் நியாயம்."

அஸ்பியா பிரதிகளைக் கையில் எடுத்தாள். ஜெராக்ஸுக்குச் சில்லறையை எண்ணி வைத்துவிட்டுப் போனாள். அவனுக்கு அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது. யார்மேல் என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

மறுநாளே தலைவர் அவனைப் பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனார். அவர் பரோட்டா வாங்கித் தருகிறார் என்றால் பெரிய விஷயம் என்று அர்த்தம்.

"அந்தப் பொண்ணு படிக்கட்டும். முடிச்ச உடனே நீ கையக் கட்டிக்கிட்டு உக்காரு. நீ தட்டலன்னா எவன் தட்டப் போறான்? ரெண்டு நிமிஷம் பாத்துட்டு ஆதரவு இல்லன்னு முடிச்சுடறேன். சாப்பாட்டுக்கு அப்புறம் உன் பேரு. தேசிய இணைச் செயலாளர்."

பச்சமுத்துவின் கையில் பரோட்டா பாதியில் நின்றது. "தேசியமா?"

"தேசியம்தான்யா. பதினாலு வருஷமா தட்டுற கை."

"அதான் தலைவரே கஷ்டம். எனக்கு யாரு தட்டுவாங்க?"

அந்தப் பழைய சங்கடத்தைத் தலைவர் மறந்திருந்தார். கொஞ்சம் யோசித்தார். "நம்ம விமலு ஆரம்பிப்பான். நீயே அவனுக்குக் கத்துக்குடு."

கற்றுக்கொடுத்தான். விமல்ராஜுக்குச் சப்பாத்தி தட்டுகிற கை. பச்சமுத்து அவனை நிலத்துக்கே அழைத்துப்போய் நாலு நாள் பழக்கினான். அவன் தட்டினால் மயில்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. நாலாம் நாள் ஒரே ஒரு மயில் பறந்தது. அது போதும் என்று பச்சமுத்து மனதைத் தேற்றிக்கொண்டான். அன்று வீட்டில், "யம்மா, மாநாட்டுக்கு வா. இந்தத் தடவ ஆளு வெச்சிருக்குது" என்றான். ஜெயக்கொடி அந்தப் பழைய புடவையைத் தொடவில்லை. வேறு ஒன்றை எடுத்து வைத்தாள்.

மாநாடு திருவண்ணாமலை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாசலில் இன்னும் நின்றது, வருங்கால மாணவ சமுதாயம் அதற்குள் புகுந்து உள்ளே போனது. மேடையில் தலைவர், அவருக்கு இரண்டு பக்கமும் நரைக்கு மை அடித்த மாணவர்கள். பச்சமுத்துவுக்கு வழக்கமான இடம், முன்வரிசை ஓரம், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி. பக்கவாட்டுச் சுவரை ஒட்டிப் பார்வையாளர் நாற்காலிகள். ஜெயக்கொடிக்குப் பக்கத்தில் அஸ்பியாவின் அம்மா மெஹராஜ் பேகம் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறவள், பாதியில் வேலையைப் போட்டுவிட்டு மகள் பேசுவதைப் பார்க்க வந்திருந்தாள். இரண்டு பேரும் அதற்குள் சிநேகமாகி வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். விமல்ராஜ் போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் பேஸ்புக்கில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தான்.

அஸ்பியா மைக்குக்கு வந்தாள்.  ரகசிய ஓட்டைப் படித்தாள். இரண்டு முறையைப் படித்தாள். இருபத்தெட்டைப் படித்தபோது மேடையில் நாற்காலிகள் முனகின. கடைசியில், "ஆதரிப்பவர்கள் கரவொலி எழுப்பி நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தாள்.

மண்டபம் பச்சமுத்துவைத் திரும்பிப் பார்த்தது.

அவன் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டிருந்தான். அஸ்பியா தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவன் நிமிரவில்லை. அந்த அமைதி அவனுக்குப் பழக்கமானது. விழுப்புரத்தில் அவன் தலைமேல் உட்கார்ந்த அதே அமைதி. கெட்டவர்கள் யாரும் இல்லாமலே ஒரு ஆளை நடு மண்டபத்தில் வைத்துச் சாகடிக்கிற அமைதி. இன்னும் ஒரு நிமிஷம் தாண்டிவிட்டால் தேசிய இணைச் செயலாளர் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டே பார்வையாளர் பக்கம் கண்ணை ஓட்டினான்.

மெஹராஜ் பேகத்துக்குப் பொறுக்கவில்லை. மகள் அப்படித் தனியாக நிற்கிறாள். அவள் இரண்டு கையையும் தூக்கினாள். தட்டுவதற்குள் ஜெயக்கொடி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வாணாம்மா" என்றாள் மெதுவாக. மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்ததால் அது பச்சமுத்து காதிலும் விழுந்தது. "நம்ம கை கணக்குல வராது. சிரிப்பாங்க."

மெஹராஜ் பேகத்தின் கை மெல்லக் கீழே இறங்கியது. ஜெயக்கொடி அதை விடாமல் தன் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

 எட்டு வருஷத்தில் அம்மா இதை மறந்திருப்பாள் என்று பச்சமுத்து நினைத்திருந்தான். அவள் மறக்கவில்லை, பாடமாகப் படித்து வைத்திருக்கிறாள். படித்த பாடத்தை இன்னொருத்திக்கும் சொல்லிக்கொடுக்கிறாள்.

அவன் தட்டினான்.

மயிலுக்குத் தட்டுகிற தட்டு. கல்யாண மண்டபத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. பிறகு நடந்ததை யாரும் நிறுத்தியிருக்க முடியாது. சித்தூர் தட்டியது, பாண்டிச்சேரி தட்டியது, கோலார் எழுந்து நின்று தட்டியது. ஒரு வார்த்தை புரியாமல் வடக்கு மண்டலம் விசில் அடித்தது. விமல்ராஜ் நாலு நாள் பயிற்சியை மறக்காமல் போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பளீரென்று தட்டினான். பதினாலு வருஷப் பழக்கம் யாரை விட்டது? பச்சமுத்து கை கேட்டதும் மேடையில் தலைவரின் கையும் தானாகத் தட்டத் தொடங்கிவிட்டது. நாலைந்து தட்டு போனபிறகுதான் அவர் தன் கையைக் குனிந்து பார்த்தார்.

மறுக்கவும் வழியில்லை. கைதட்டல் எழுந்தபின் எந்த ஆட்சேபமும் எடுபடாது என்று மன்றத்தில் ஒரு விதி உண்டு. முன்னொரு காலத்தில் கோலார்க்காரர் ஒருவர் தட்டி முடித்தபிறகு சந்தேகம் கேட்டார் என்று தலைவரே போட்ட விதி.

தலைவர் மேடையிலிருந்து இறங்கி நேராக அவனிடம் வந்தார்.

"இன்னாய்யா பண்ண?"

"கொசு, தலைவரே."

"பட்டப்பகல்லயா?"

"செஞ்சிக் கொசு தலைவரே. அதுக்குப் பகல் ராத்திரி தெரியாது."

"விடாம பன்னெண்டு தட்டு தட்டுன."

"நெறைய இருந்துச்சு."

தீர்மானம் நிறைவேறிய நிமிடத்திலிருந்து அமல் என்று எழுதியிருந்ததால் இருபத்தெட்டைத் தாண்டியவர்கள் அந்த நிமிடமே பார்வையாளர் ஆனார்கள். மேடை காலியானது. சால்வையும் தொப்பையுமாகத் தேசியத் தலைமை மொத்தமும் இறங்கி வந்து சுவரோரம் நாற்காலி தேடியது. போதவில்லை. சமையல்கட்டிலிருந்து ஸ்டூல் கொண்டுவந்தார்கள், தலைவருக்கு அதில் ஒன்று கிடைத்தது. பச்சமுத்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான், கார்டு இருந்தது, இனி பல் குத்தத்தான் ஆகும். போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன் பேர எப்ப படிப்பாங்க?" என்று ஜெயக்கொடி கேட்டாள்.

"படிக்க மாட்டாங்கம்மா. நான் இப்ப ஒன்ன மாதிரிதான்."

"அப்பறம் என்னாத்துக்குடா தட்டுன?"

எட்டு வருஷத்துப் பதில் ஒன்று அவன் நாக்கு நுனிவரை வந்தது. தலைவர் பக்கத்து ஸ்டூலிலேயே இருந்தார். "அப்பறம் சொல்றேன்" என்றான்.

கல்யாணக்காரர்கள் விட்டுப்போன ஒரு எவர்சில்வர் அண்டாவில் ஓட்டு போட்டார்கள். பொதுச்செயலாளருக்கு இரண்டு பேர், அஸ்பியாவும் விமல்ராஜும். ஓட்டு எண்ணும்போது தலைவர் ஸ்டூலில் நகம் கடித்தார். மெஹராஜ் பேகம் வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். பச்சமுத்து அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தான். முதல்முறையாக ஒரு முடிவு அவனுக்கு முன்கூட்டித் தெரியாமல் வரப்போகிறது.

வடக்கு மண்டலம்தான் முடிவைப் படித்தான், யாருக்கும் சொந்தக்காரன் இல்லை என்பதால். எழுத்துக்கூட்டி வைத்திருந்த தமிழில், "அஸ்பியா, ஏழு ஓட்டு அதிகம்" என்றான்.

மண்டபம் கம்மென்று இருந்தது. ஜெயித்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பழக்கத்தில் எல்லோரும் முன்வரிசை ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாற்காலி காலியாக இருந்தது.

ஜெயக்கொடி மகன் பக்கம் சாய்ந்தாள். அவள் கை இன்னும் மெஹராஜ் பேகத்தின் கையைப் பிடித்திருந்தது.

"இப்ப தட்டலாமாடா?"

"தட்டும்மா" என்றான் பச்சமுத்து. "அன்னிக்கும் நீ தட்டுனது சரிதான்."

 ஜெயக்கொடி மெஹராஜ் பேகத்தின் கையை விட்டாள். விழுப்புரத்தில் முந்தானைக்குள் போன அந்தக் கைகள்தான் முதலில் தட்டின. பச்சமுத்து, அவள் தொடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, இரண்டாவதாகத் தட்டினான்.